பேராசிரியரின் கையில் கோப்பு, முகாமையாளர் கட்டாரில்

ஏறாவூர் சந்தைக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையொன்றில் சென்ற மாதம் ஒரு பழைய நண்பரைச் சந்தித்தேன். இளைஞர் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்து எமது கரையோரத்தை அழித்துச் சென்றபோது அவர் உயர்தரம் படித்துவிட்டு வேலையற்றிருந்தார். அடுத்த சில மாதங்களில் மட்டக்களப்பு மாவட்டத்தின் வீதிகளெங்கும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் ஓடத் தொடங்கின. அத்தகைய நிறுவனமொன்றில் மொழிபெயர்ப்பு உதவியாளராகச் சேர்ந்தவர், பின்னர் வெளிக்கள உத்தியோகத்தராகி, ஐந்தாறு ஆண்டுகளில் திட்ட அலுவலராக உயர்ந்தார். திட்ட முன்மொழிவு எழுதுவது, வரவுசெலவு தயாரிப்பது, மூன்று விலைமனுக்களைப் பெற்று ஒப்பிடுவது, காலாண்டு அறிக்கை அனுப்புவது, கணக்காய்வாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது ஆகிய எல்லாவற்றையும் அவர் வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டார். யுத்தம் முடிந்து சில ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. அவரும் கட்டாருக்குப் போனார். இப்போது அங்கே ஒரு களஞ்சியசாலையில் பொருள்களை எண்ணிக் கணக்கு வைக்கிறார்.

விடுமுறையில் வந்திருந்த அவர் தேநீரை ஆற்றியபடி கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. "காக்கா, நான் அப்ப செஞ்ச வேலைக்கு நம்மட நாட்டுல ஒரு பேர் இல்லையா?"

அந்த வேலைக்குப் பெயர் உண்டு. அவர் கற்றுக்கொண்டவற்றை ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளோ ஆராய்ச்சி நிறுவனத்துக்குள்ளோ செய்தால் உலகின் பல நாடுகளில் அவரை ஆராய்ச்சி முகாமையாளர் என்று அழைப்பார்கள். அதற்கென ஒரு சம்பளத் திட்டம் இருக்கும், பதவி உயர்வு இருக்கும், சான்றிதழ் இருக்கும், ஆண்டுதோறும் மாநாடும் நடக்கும். எமது நாட்டில் அந்தப் பெயரில் ஒரு நிரந்தரப் பதவியைப் பல்கலைக்கழகங்களின் ஆளணிப் பட்டியலில் தேடிக் களைத்துப்போவதுதான் மிச்சம். உபவேந்தர் இருக்கிறார், பதிவாளர் இருக்கிறார், நிதியாளர் இருக்கிறார், பீடாதிபதிகள் இருக்கிறார்கள், முகாமைத்துவ உதவியாளர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சி என்று வரும்போது இவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த வெறுமையை நிரப்புபவர் விரிவுரையாளரே.

அது எவ்வாறு என்பதற்கு நான் நன்கறிந்த ஒரு கதையைச் சொல்கிறேன். என்னோடு ஒன்றாகக் கலைப் பட்டப்படிப்பை முடித்து, புவியியல் விரிவுரையாளரான ஒருவர் நாட்டின் வேறொரு மாகாணத்திலுள்ள அரச கல்வி நிறுவனமொன்றில் பணியாற்றினார். கரையோர வயல்களில் உப்பு ஏறுவது பற்றிய ஆய்வொன்றுக்கு அவருக்குச் சிறியதொரு நிதி கிடைத்தது. மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் நீரின் உப்புத்தன்மையை அளப்பதே ஆய்வின் உயிர்நாடி. அளக்கும் கருவியை வாங்குவதற்கு விலைமனு கோரினார். இரண்டு மனுக்களே வந்தன. மூன்று வேண்டும் என்று கோப்பு திரும்பி வந்தது. மூன்றாவது வந்தபோது முதலாவதன் செல்லுபடிக் காலம் முடிந்திருந்தது. மறுபடியும் கோரினார். இதற்கிடையே பருவமழை தொடங்கி, பெய்து, ஓய்ந்தும் போயிற்று. டிசெம்பர் 31இல் நிதியாண்டு முடிவடைந்தது. செலவழிக்கப்படாத பணம் திரும்பிப் போனது. அடுத்த ஆண்டு, "பெற்ற நிதியை உரிய காலத்தில் பயன்படுத்தத் தவறியவர்" என்ற குறிப்போடு அவருடைய புதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் அதன்பின் நிதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. வகுப்பெடுத்தார், விடைத்தாள் திருத்தினார், ஓய்வு பெற்றார்.

இக்கதையில் வில்லன் எவருமில்லை. மூன்று விலைமனு கேட்ட இலிகிதர் சட்டப்படி தம் கடமையைச் செய்தார். பணத்தைத் திருப்பி அனுப்பிய கணக்காளரும் அப்படியே. ஆய்வின் கால அட்டவணை மழையோடு கட்டப்பட்டது என்பதை அறிந்து, ஒக்டோபருக்கு முன்னர் கருவி வந்தாக வேண்டும் என்று ஜனவரியிலேயே ஓடத் தொடங்குவதற்கு அந்தக் கட்டடத்தில் ஒருவர் இல்லை என்பதே குறை. விலைமனு விதியையும் வயலில் ஏறும் உப்பையும் ஒருசேரப் புரிந்துகொள்ளும் மனிதர் ஒருவரைப் பற்றியே பேசுகிறேன். இலிகிதருக்கு ஆய்வு தெரியாது. விரிவுரையாளருக்கு விதி தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் கிடையாது. இரண்டும் தெரிந்தவரே ஆராய்ச்சி முகாமையாளர்.

எங்கள் ஊரிலிருந்து செங்கலடி தாண்டினால் வந்தாறுமூலை. பஸ்ஸில் போனால் ஒரு தேநீர் ஆறும் நேரம். அங்கே 1981 ஓகஸ்டில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. விவசாயமும் விஞ்ஞானமும் அதன் முதற் பீடங்கள். வயலும் வாவியும் கால்நடையும் சூழ்ந்த ஒரு மண்ணில் இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. ஆனால் அந்த நிறுவனத்துக்கு அமைதியாக வளர அவகாசம் கிடைக்கவில்லை. 1990 ஓகஸ்ட் 11ஆம் திகதி இரவு எங்கள் ஊரில் நடந்த படுகொலையை ஏறாவூரில் எவரும் மறக்கவில்லை. அடுத்த மாதம் 5ஆம் திகதி, வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழ் அகதிகளில் 158 பேர் படையினரால் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பி வரவேயில்லை. பல்கலைக்கழகம் அகதி முகாமாக இருந்த காலமது. விரிவுரை நடக்காத இடத்தில் ஆராய்ச்சி பற்றிப் பேசுவார் யார்? முஸ்லிம் மாணவர்கள் அங்கு தொடர்ந்து கற்க முடியாத நிலையில், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கான வித்து இடப்பட்டது. ஒரே வாவியைச் சுற்றி வாழ்ந்த மக்களின் உயர்கல்வி இவ்வாறு இரண்டாகக் கிளைத்தது.

2006 டிசெம்பர் 15ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் பேராசிரியர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். பதவியிலிருந்து விலகும்படி அச்சுறுத்தப்பட்டு, வந்தாறுமூலையை விட்டுக் கொழும்பில் தங்கியிருந்த அவர், அன்று இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்றிருந்தார். விவசாய விஞ்ஞானி அவர். ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குப் போன உபவேந்தர் வீடு திரும்பவில்லை என்ற செய்தியை எழுதிய பத்திரிகையாளர்களில் பலருக்கு அன்று கை நடுங்கியது. இதை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. எமது நிறுவனங்களில் எந்த நன்கொடையாளருடன் என்ன பேசப்பட்டது, எந்த ஒப்பந்தம் எந்த நிலையில் நிற்கிறது, எந்த ஆய்வுத் தரவு எந்தக் கணினியில் கிடக்கிறது என்பவை தனிமனிதர்களின் தலைக்குள்ளேயே இருக்கின்றன. அந்த மனிதர் கடத்தப்பட்டாலும் சரி, ஓய்வு பெற்றாலும் சரி, 2022 நெருக்கடிக்குப் பின் பலர் செய்ததைப் போல அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தாலும் சரி, அந்த அறிவும் அவரோடு போய்விடுகிறது. சாதாரண நாடுகளிலே இது ஒரு நிர்வாகக் குறை. எமது மாகாணத்தைப் போன்று மனிதர்களை அடிக்கடி இழந்த மண்ணில் இது பெரும் சேதம்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது. தேசிய ஆராய்ச்சிச் சபை இருக்கிறது. 2011ஆம் ஆண்டு முதல் விரிவுரையாளர்களுக்கு ஆராய்ச்சிப் படி கொடுக்கப்படுகிறது. உலக வங்கியின் கடனில் 2003 முதல் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பெரும் உயர்கல்வித் திட்டங்கள் நடைபெற்றன. கடைசியாக 2017இல் தொடங்கிய திட்டம் மட்டும் 100 மில்லியன் டொலர் பெறுமதியானது. அதன் கீழ்ப் பல்கலைக்கழகங்களில் தொழில்துறையோடு இணைப்பு ஏற்படுத்தும் பிரிவுகளும் உருவாக்கப்பட்டன. நல்ல முயற்சிதான். எனினும் இத்தகைய திட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே விதி திரும்பத் திரும்ப வருகிறது. திட்டம் வரும்போது ஒப்பந்த அடிப்படையில் ஆட்கள் சேர்க்கப்படுகிறார்கள். ஓரிரு ஆண்டுகள் தட்டுத்தடுமாறி வேலையைக் கற்கிறார்கள். கற்று முடிக்கும் வேளையில் திட்டமும் முடிகிறது. அடுத்த திட்டம் வரும்போது புதிய ஆட்கள், புதிய தடுமாற்றம். ஒரே பாடத்துக்கு நாம் திரும்பத் திரும்பக் கட்டணம் செலுத்திக்கொண்டிருக்கிறோம், அதையும் கடன் வாங்கியே செலுத்துகிறோம்.

நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் நாம் செலவிடுவது ஏறத்தாழ 0.1 சதவீதம். இந்தியா இதைப்போல ஐந்தாறு மடங்கு செலவிடுகிறது. தென்கொரியாவின் பங்கு 5 சதவீதத்தை நெருங்குகிறது. பணம் குறைவு என்பதால் முகாமையாளர் தேவையில்லை என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அது தலைகீழான வாதமாகத் தெரிகிறது. பத்து ரூபாய் வைத்திருப்பவர் ஒரு ரூபாய் தொலைத்தால் அவருக்கு ஒன்பது மீதி. ஒரே ரூபாய் வைத்திருப்பவருக்கு எது மீதி?

இனி அயல்நாடுகளைப் பார்ப்போம். அமெரிக்காவில் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிர்வாகிகள் தமக்கென ஒரு தேசிய சங்கத்தை 1959இலேயே அமைத்துவிட்டார்கள். 1993 முதல் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெறும் முறையும் அங்கு உண்டு. ஜப்பான் 2011இல் கல்வி அமைச்சின் முயற்சியாகவே பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நிர்வாகிகளை நியமிக்கத் தொடங்கியது. இவையெல்லாம் செல்வந்த நாடுகள், எமக்கு உதாரணமாகா என்று சொல்லலாம். தென்னாபிரிக்காவைப் பாருங்கள். அந்தப் பிராந்தியத்துக்கான சங்கம் 2002இல் உருவானது. ஆபிரிக்க நாடுகளில் இத்தொழிலில் உள்ளவர்களின் தகுதியை மூன்று படிகளில் அங்கீகரிக்கும் முறையொன்றையும் அவர்கள் ஏற்படுத்திக்கொண்டார்கள். முதற்படியில் நிர்வாகம் செய்பவர், இரண்டாவதில் முகாமை செய்பவர், மூன்றாவதில் சிரேஷ்ட முகாமையாளர். இருபத்தைந்து வயதில் சேரும் ஒருவர் தாம் நாற்பத்தைந்து வயதில் எங்கே நிற்பார் என்பதைக் கண்ணால் காணக்கூடிய ஏணி அது.

ஆனால் நான் அதிகம் சிந்திப்பது இந்தியாவைப் பற்றியே. காரணம், அங்கே இந்த ஏணி ஒரு மரணத்துக்குப் பின்னரே கட்டப்பட்டது. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய வினோத் ஷா என்ற விஞ்ஞானி 1972 மே மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். நியமனங்களிலும் பதவி உயர்வுகளிலும் நிலவிய முறையற்ற தன்மை குறித்த மனக்கசப்பு அதன் பின்னணியில் இருந்ததாகத் தெரியவந்ததும் பாராளுமன்றம் கொந்தளித்தது. முன்னாள் பிரதம நீதியரசர் கஜேந்திரகட்கர் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அப்போது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். பசுமைப் புரட்சியோடு மட்டுமே அவரை இணைத்துப் பேசுவது எமது வழக்கம். அவர் காலத்தில் நடந்த வேறொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1975இல் வேளாண்மை ஆராய்ச்சிச் சேவை என்ற தனிச் சேவை தோற்றுவிக்கப்பட்டது. மேலே ஒரு பதவி வெற்றிடமாகும்வரை காத்துக்கிடக்காமல், குறித்த காலத்துக்கு ஒருமுறை செய்த வேலையை மதிப்பிட்டு உயர்வு வழங்கும் முறை அதிலே கொண்டுவரப்பட்டது. அடுத்த ஆண்டே, 1976இல், ஐதராபாத்தில் ஒரு பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. இன்று அது தேசிய வேளாண்மை ஆராய்ச்சி முகாமைத்துவக் கலாசாலை. சேவையில் சேரும் இளம் விஞ்ஞானிகள் அடிப்படைப் பயிற்சிக்கு அங்குதான் செல்கிறார்கள்.

ஆராய்ச்சியை நடத்துவதும் கற்பிக்கப்பட வேண்டிய ஒரு கலையே என்பதை அயல்நாடு ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டது. 2018இல் அங்கு உயிர்மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் இந்தியக் கூட்டணி, முழுநேர ஆராய்ச்சி முகாமையாளர்களை வளர்ப்பதற்கென்றே தனி முயற்சியொன்றையும் தொடங்கியது. பாக்குநீரிணையின் இந்தப் பக்கத்தில் நாம் அதை இன்னும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் அந்த வேலைக்கு எத்தகைய திறமைகள் வேண்டும்? ஆங்கிலம் வேண்டும் என்பார்கள், கணினி வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். அவற்றை எவரும் கற்கலாம். நான் கண்ட நல்ல திட்ட அலுவலர்களிடம் இருந்தவை வேறு.

முதலாவது, வரவுசெலவை வாசிக்கத் தெரிவது. ஒரு முன்மொழிவின் வரவுசெலவு அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில், இதில் படகுக்கு எரிபொருள் போடப்படவில்லையே என்று கேட்பவரே முகாமையாளர். எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் வடமுனையிலிருந்து தென்முனைவரை மாதந்தோறும் நீர் மாதிரி எடுப்பதாக எழுதிவிட்டு, தோணிக்கூலியை மறந்துபோன முன்மொழிவொன்றை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கெட்டிக்காரர். வாவியின் இரசாயனம் முழுவதும் அவருக்குத் தெரியும். தோணிக்காரருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. இதோடு சேர்ந்த இன்னொன்று மறைமுகச் செலவு. ஆய்வு நடக்கும் கட்டடத்துக்கு மின்சாரம் வேண்டும், காவலாளி வேண்டும், கணக்காளர் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சித் திட்டம் இதற்கென நேரடிச் செலவின்மேல் 25 சதவீதத்தைக் கொடுக்கிறது. எமது நாட்டு நிறுவனங்களும் அந்த நிதியைப் பெறத் தகுதியுடையவை. அமெரிக்காவில் இதே செலவை 15 சதவீதமாக மட்டுப்படுத்தப்போவதாக 2025 பெப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனம் அறிவித்தபோது பல்கலைக்கழகங்கள் நீதிமன்றம் போய் அதைத் தடுத்தன. அவர்கள் நீதிமன்றம்வரை போய்க் காப்பாற்றும் பணத்தை, கேட்கத் தெரியாத காரணத்தால் நாம் விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, முடியாது என்று சொல்லும் துணிவு. நன்கொடையாளர் ஒரு கூட்டத்துக்கு இருநூறு பேரைத் திரட்டும்படி கேட்பார். பேராசிரியர் தம் உறவினரின் வாகனத்தை வாடகைக்கு எடுக்கச் சொல்வார். இரண்டு பேருக்கும் மரியாதை குன்றாமல் மறுப்புச் சொல்லத் தெரிய வேண்டும். ஒப்பந்தம் மூன்று மாதத்தில் முடியும் ஒருவரால் பேராசிரியரிடம் மறுப்புச் சொல்ல முடியுமா? நிரந்தரப் பதவி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

மூன்றாவது, மக்களின் மொழி. ஆய்வுக்கு உட்படும் ஒருவரிடம் முறையாகச் சம்மதம் பெற வேண்டும் என்பது இன்று உலகெங்கும் உள்ள நெறி. எமது பகுதியில் ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி மீனவரிடம் நீட்டுகிறார்கள். "தங்களது பங்கேற்பு தன்னார்வமானது" என்று அதில் இருக்கும். அவர் அதைப் பார்த்துவிட்டு, நிவாரணம் தரப் போகிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்து வைப்பார். சுனாமிக்குப் பின் படிவத்தில் கையெழுத்து வைத்துப் பழகிய மக்கள் அவர்கள். "விருப்பம் இல்லையெண்டால் சொல்ல வேண்டாம், சொல்லாமல் விட்டாலும் உங்களுக்கு ஒண்டும் குறையாது, சொன்னாலும் ஒண்டும் கிடைக்காது" என்று வாவிக்கரையில் குந்தியிருந்து விளக்கக்கூடிய ஒருவர் வேண்டும். நான் சந்தித்த கட்டார் நண்பர் இதைப் பல நூறு வீடுகளில் செய்தவர். கொழும்பிலிருந்து வரும் ஆலோசகருக்கு இது வராது.

நான்காவது, முடித்து வைக்கத் தெரிவது. தொடங்குவதற்கு விழா வைக்கிறோம், விளக்கேற்றுகிறோம், பத்திரிகைக்குப் படம் அனுப்புகிறோம். அத்தகைய படங்களைப் பிரசுரித்த பாவத்தில் எனக்கும் பங்குண்டு. முடிவுக்கு எவரும் வருவதில்லை. 2021இல் பிரித்தானியா தன் வெளிநாட்டு உதவியைக் குறைத்தபோது அந்நாட்டின் ஆராய்ச்சி நிதி அமைப்புக்கு 120 மில்லியன் பவுண் பற்றாக்குறை ஏற்பட்டது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நடந்துகொண்டிருந்த ஆய்வுகளுக்கு நிதி நடுவழியில் வெட்டப்பட்டது. 2025 ஜூலை 1ஆம் திகதியோடு அமெரிக்காவின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் மூடப்பட்டது. இப்படி நேரும்போது வெளிக்கள உதவியாளரின் கடைசிச் சம்பளத்தை உறுதி செய்வது யார்? சேகரித்த தரவைப் பத்திரப்படுத்துவது யார்? எமது வாவியைப் பற்றி நாற்பது ஆண்டுகளாக எத்தனையோ பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். பட்டம் பெற்றிருக்கிறார்கள், கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் வெள்ளம் வந்து முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா வேண்டாமா என்ற வாக்குவாதம் எழும் ஒவ்வொரு மாரியிலும் கச்சேரியில் கூடுபவர்கள் கையில் பழைய அளவீடுகளைக் கொண்டுவந்து பேசுவதை நான் காண்பது அரிது. அளந்தவர்கள் இருந்தார்கள். அந்த அளவீடுகளை வரிசையாகச் சேர்த்து வைக்கும் வேலை எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும். ஏற்கனவே இந்த நாட்டில் அரச ஊழியர் அதிகம், இன்னும் ஒரு பதவியா என்று திறைசேரி கேட்கும். எங்களுக்கு மேல் இன்னொரு மேலதிகாரியா என்று விரிவுரையாளர்கள் கேட்பார்கள். இரண்டாவது கேள்வியில் நியாயம் உண்டு. மேற்கு நாடுகளின் பல்கலைக்கழகங்களில் படிப்பிப்பவர்களை விட நிர்வகிப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற முறைப்பாட்டை அங்குள்ள பேராசிரிய நண்பர்கள் என்னிடம் சொல்லி அலுத்திருக்கிறார்கள். படிவம் நிரப்புவதற்கே ஒரு படிவம் என்ற நிலை எமக்கு வேண்டாம். ஆகவே பெரிய அலுவலகம் எதையும் நான் கேட்கவில்லை. ஒரு பல்கலைக்கழகத்துக்கு நான்கைந்து பேர் போதும். அவர்கள் பதிவாளரின் கீழ் இல்லாமல் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான கல்விசார் தலைமையின் கீழ் இருக்கட்டும். அவர்கள் வந்த பின்னர் விரிவுரையாளர் கோப்போடு அலையும் மணித்தியாலங்கள் குறைந்தனவா என்பதை ஆண்டுதோறும் அந்த விரிவுரையாளர்களிடமே கேட்டு, குறையவில்லையென்றால் பதவி உயர்வை நிறுத்தட்டும்.

திறைசேரிக்கான பதில் இன்னும் இலகுவானது. ஒரு திறமையான முகாமையாளர் தவறவிடாமல் காக்கும் ஒரே ஒரு வெளிநாட்டு நிதி அவருடைய பல ஆண்டுச் சம்பளத்தை விட அதிகமாக இருக்கும்.

ஆட்களுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுமாயின், நான் மறுபடியும் அந்தத் தேநீர்க் கடைக்கே வருவேன். சுனாமிக்குப் பின்னான பத்தாண்டுகளில் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் படுவான்கரைக் கிராமங்களிலும் ஒரு தலைமுறை இந்த வேலையைக் கற்றது. உலகத்தின் பணத்தில், உலகத்தின் கடுமையான கணக்காய்வாளர்களின் கீழ் கற்றது. எந்தப் பல்கலைக்கழகமும் கொடுக்காத பயிற்சி அது. அவர்களில் பலரிடம் பட்டமில்லை. அரச நியமனத்துக்கான வயதெல்லையையும் கடந்துவிட்டார்கள். விளம்பரம் வரும்போது அவர்களுடைய பதினைந்து வருட அனுபவம் ஒரு புள்ளியும் பெறாது. நேற்றுப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு அந்த இடம் போகும். அந்தப் பிள்ளையின் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் கற்றுக்கொடுப்பதற்கு அருகில் ஒருவர் வேண்டுமல்லவா?

வந்தாறுமூலையில் வணிக முகாமைத்துவ பீடம் ஒன்று இருக்கிறது. வார இறுதி வகுப்பாக ஓராண்டு டிப்ளோமா ஒன்றைத் தொடங்க அதற்கு உலக வங்கி தேவையில்லை. முன்னனுபவத்தைத் தகுதியாக ஏற்று, வயதெல்லையைத் தளர்த்தி, பழைய திட்ட அலுவலர்களையும் புதிய பட்டதாரிகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கலாம். பாதிப் பாடத்தை முந்தியவர்களே பிந்தியவர்களுக்குக் கற்பித்துவிடுவார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகங்களில் பணியாற்றும் எம்மவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு என்ன செய்யலாம் என்று கேட்கும்போதெல்லாம் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ பணம் அனுப்பும்படியே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். மாதத்தில் ஒரு மாலை கணினித் திரையின் முன் அமர்ந்து ஒரு முன்மொழிவைத் திருத்திக்கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். நானும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

டிப்ளோமாவை முடித்தவருக்கு வேலை என்ன என்பதுதான் முடிச்சு. அதை அவிழ்ப்பது கொழும்பில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பதவிப் பெயரை ஏற்க வேண்டும். முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அதற்குச் சம்பளக் குறியீடு வழங்க வேண்டும். இரண்டு அலுவலகங்களிலும் ஒரு சுற்றறிக்கை எழுதும் வேலை. கிழக்கிலிருந்து பாராளுமன்றம் சென்ற எந்தக் கட்சியினராவது இதை ஒருமுறை எழுந்து கேட்டிருக்கிறார்களா என்று என் நினைவைத் துழாவிப் பார்க்கிறேன். வீதிக்குக் கேட்டிருக்கிறார்கள், கட்டடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். கட்டடம் கிடைத்தும் இருக்கிறது.

நண்பரின் விடுமுறை முடிந்துவிட்டது. புறப்படுவதற்கு முதல்நாள் பழைய கோப்பொன்றைக் கொண்டுவந்து காட்டினார். 2008இல் வாவிக்கரை மீனவக் குடும்பங்களிடம் எடுத்த கணக்கெடுப்பு. வீடு வீடாக, வலை எத்தனை, தோணி யாருடையது, ஒரு நாளைக்கு எவ்வளவு இறால் என்று அவருடைய கையெழுத்திலேயே எழுதப்பட்ட தாள்கள். நிறுவனம் மூடப்பட்டபோது குப்பைக்குப் போக இருந்ததை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, கறையான் அரிக்காமல் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்திருக்கிறார். அவற்றில் இருப்பவை பிறர் வீட்டுக் கணக்குகள். யாரிடம் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்பதைக் கேட்டுச் செய்ய வேண்டும். அதை யாரிடம் கேட்பது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. இப்போது அந்தக் கோப்பு என் மேசையில் இருக்கிறது.